குளிரில் டீசல் டிராக்டர்: பிளாக் ஹீட்டரின் சூடு எதுவரை போகும்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி தருவதற்கென்று தனி உறுப்பு எதுவும் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை அமுக்கும்போது அந்தக் காற்றில் எழும் வெப்பம்தான் டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே கடுங்குளிர்க் காலையில் டிராக்டர் கிளம்புமா கிளம்பாதா என்பது, டீசல் பீய்ச்சப்படும் நொடிவரை அந்த வெப்பம் மிஞ்சியிருக்குமா என்பதைப் பொறுத்தது. இரவெல்லாம் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் கிடந்த வார்ப்பிரும்புச் சுவர், அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தை உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. உள்ளே வரும் காற்றும் அதே குளிரில் இருப்பதால் அமுக்கத்தின் முடிவில் கிடைக்கும் வெப்பநிலை இன்னும் குறைகிறது. போதாததற்கு எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால், காற்று சுவரோடு கூடுதல் நேரம் தங்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடுக்கு வழியாக அதில் ஒரு பகுதி கசிந்து கீழேயும் போய்விடுகிறது.

மெதுவாகச் சுழல்வதற்கான காரணங்கள் இரண்டு, அவை ஒன்றையொன்று மோசமாக்குபவை. முதலாவது எண்ணெய். பெரும்பாலான டிராக்டர்களில் ஊற்றப்படும் 15டபிள்யூ-40 எண்ணெயில் 'டபிள்யூ' என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிர்காலத் தரத்தைக் குறிக்கிறது. 15டபிள்யூ எண்ணெய் எஞ்சினைச் சுழலவிடுகிறதா என்பதை மைனஸ் 20 டிகிரியிலும், பம்ப் அதை இழுக்க முடிகிறதா என்பதை மைனஸ் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். அதற்குக் கீழே அந்த எண்ணெய் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 5டபிள்யூ எண்ணெய்க்கு இதே சோதனைகள் மைனஸ் 30, மைனஸ் 35 டிகிரிகளில் நடக்கின்றன. இரண்டாவது காரணம் பேட்டரி. ஈய-அமில பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடுவதால், மைனஸ் 18 டிகிரியில் அது தரக்கூடிய ஆற்றல் வெதுவெதுப்பான நாளில் தருவதில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்குகிறது. எண்ணெய் இறுகி எஞ்சின் அதிக ஆற்றலைக் கேட்கும் அதே காலையில்தான் பேட்டரி கையை விரிக்கிறது. டிராக்டர் கிளம்பவில்லை என்றதும் பேட்டரியை மட்டும் குற்றம் சொல்லிப் புதிது வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது, பாதி நோய்க்கு மருந்து வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நிறுத்திவைத்த எஞ்சினை மின்சாரத்தில் மாட்டிச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இந்தச் சங்கிலியில் ஓரிடத்தில் மட்டுமே குறுக்கிடுகிறது. எஞ்சின் பிளாக்கில் வார்ப்பின்போது விடப்பட்ட துளைகளை அடைக்கும் தட்டையான கோர் பிளக்குகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கொண்டி போல வளைந்த ஒரு மின் எலிமெண்ட்டைப் பொருத்துகிறார்கள். அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் மூழ்கி நின்று அதைச் சூடாக்குகிறது. சூடான கூலன்ட் மேலெழும்ப, குளிர்ந்தது கீழிறங்க, மெல்லச் சிலிண்டர் சுவர்களும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டும் சூடேறுகின்றன. டிராக்டர்களில் வழக்கமாக 500 முதல் 1500 வாட் வரையிலான எலிமெண்ட்டுகள் பயன்படுகின்றன. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ற மின்பொறியாளர், எஞ்சின் ஹெட் போல்ட்டுக்குள் எலிமெண்ட்டை வைத்துச் சூடாக்கும் கருவிக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். கூலன்ட்டில் மூழ்கும் வகைகள் பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. காரணம் எளியது: போல்ட் ஓரிடத்தைத்தான் சூடாக்கும், கூலன்ட்டோ தான் போகுமிடமெல்லாம் சூட்டைக் கொண்டுபோகும்.

எத்தனை மணி நேரம் மாட்டிவைக்க வேண்டும் என்பதில்தான் அதிக மின்சாரம் வீணாகிறது. இதற்கு ஊகம் தேவையில்லை, கணக்கே போட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் டிராக்டர் எஞ்சின் ஒன்று 400 கிலோ இரும்பும் 15 லிட்டர் கூலன்ட்டும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு டிகிரி உயர்த்த அரை கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் போதும். அதே எடையுள்ள கூலன்ட்டுக்கு அதைப் போல ஏழு மடங்கு வேண்டும். மைனஸ் 20இலிருந்து பிளஸ் 20க்கு, அதாவது 40 டிகிரி உயர்த்த, இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9500 கிலோஜூல் ஆகிறது. மின்சாரக் கணக்கில் அது இரண்டரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். 1000 வாட் ஹீட்டர் இழப்பே இல்லாத நிலையில் இதை இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் செய்து முடிக்கும். இழப்பையும் சேர்த்தால் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகலாம். அதற்கு மேல் ஓடவிட்டால் உள்ளே போகும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகி, எஞ்சின் அதே சூட்டில் நின்றுவிடும். மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மாலை ஆறு மணிக்கு மாட்டிக் காலை ஆறு மணிக்குக் கழற்றுகிறவர் பன்னிரண்டு யூனிட் செலவழித்து, நான்கு யூனிட்டில் கிடைத்திருக்கக்கூடிய பலனையே பெறுகிறார். ஒரு டைமரை வாங்கி, வேலை தொடங்கும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாக வைத்துவிட்டால் போதும். டைமரின் ஆம்பியர் தாங்குதிறன் ஹீட்டர் இழுப்பதைவிட அதிகமாக இருக்கிறதா என்பதை மட்டும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். அலங்கார விளக்குக்காகச் செய்த டைமர் இந்த வேலைக்கு ஆகாது.

டிராக்டருக்கே உரிய ஒரு சிக்கலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். காரில் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதி. அதன் பின்புறம் கிளட்ச் ஹவுசிங்கோடும், அதன் வழியாகக் கியர் பாக்ஸோடும் பின் அச்சோடும் இரும்புக்கு இரும்பாகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. எனவே ஹீட்டர் கொடுக்கும் வெப்பத்தின் ஒரு பங்கு பின்னாலுள்ள பெரும் இரும்புப் பொதிக்குள் ஓயாமல் வடிந்துகொண்டிருக்கும். அதே வாட் ஹீட்டர் லாரியில் போதுமானதாகவும் டிராக்டரில் மந்தமாகவும் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. காற்று இன்னொரு பங்கைக் கொண்டுபோகிறது. குளிர்காற்று வீசினால் இரும்பு சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடாது. வானிலை அறிக்கையில் வரும் 'உணரப்படும் குளிர்' மனிதத் தோலுக்கான கணக்கு, எஞ்சினுக்கானது அல்ல. ஆனால் சூடாக்கப்பட்டுக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து அந்தக் காற்று வெப்பத்தை மிக வேகமாக அடித்துச் செல்லும். ரேடியேட்டர் முகப்பையும் பானெட்டையும் ஒரு தடித்த கம்பளியால் மூடிவைத்தால், வாட் கூடுதலான ஹீட்டருக்கு மாறுவதைவிட மலிவாகவே அந்த இழப்பைக் குறைக்கலாம். கிளப்புவதற்கு முன் அந்தக் கம்பளியை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாலும், விசிறியில் சிக்கிய துணியை ஒரு முறை பார்த்தவர்கள் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

இனி, ஹீட்டரின் சூடு போய்ச் சேராத இடங்களுக்கு வருகிறேன். கிளம்பாத டிராக்டர்களின் கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பிளாக்குக்குக் கீழே தொங்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் பேன் காற்றில் நிற்கிறது. சூடான கூலன்ட் மேலே எழும்புவதால் கீழேயுள்ள எண்ணெய்க்கு மிகக் குறைந்த பங்கே கிடைக்கிறது. சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம் இளகிவிடுவதால் எஞ்சின் எளிதாகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் பம்ப் இழுக்க வேண்டிய எண்ணெய் இன்னும் இறுகித்தான் கிடக்கும். இதற்கு ஆயில் பேனின் அடியில் ஒட்டும் சிலிக்கான் ஹீட்டர் தகடு நல்ல துணை. அதன் வாட் எண்ணெயின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறிய பரப்பில் அதிக வெப்பம் கொடுக்கும் தகடு, அடியிலுள்ள எண்ணெயைக் கருக்கிவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் துளையில் நுழைக்கும் ஹீட்டரையும் சிலர் சொல்வார்கள். அதன் வாட் மிகக் குறைவு, டிராக்டரின் ஆயில் பேனுக்கு அது எந்த மூலைக்கு என்பதே என் எண்ணம். பேட்டரிக்கும் பிளாக் ஹீட்டரால் நேரடிப் பயன் இல்லை. அதற்குத் தனிச் சூட்டுறை உண்டு. அல்லது கழற்றி வெதுவெதுப்பான அறையில் வைக்கலாம். குறைந்தபட்சம் முழு சார்ஜில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் நீர்த்துப்போய், அது உறைந்து வெடிப்புவிடும் அபாயமும் உண்டு.

கியர் பாக்ஸும் ஹைட்ராலிக்ஸும் பல டிராக்டர்களில் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. பத்து லிட்டர் அல்ல, பல பத்து லிட்டர் எண்ணெய் அங்கே குளிர்ந்து கிடக்கிறது. கிளப்பும்போது கிளட்ச் பெடலை முழுக்க மிதித்துப் பிடித்தால் கியர் பாக்ஸின் இழுவை எஞ்சினின் மேல் விழாது. ஆனால் எஞ்சினோடு நேரடியாக இணைந்த ஹைட்ராலிக் பம்ப் அப்போதும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். எஞ்சின் சூடாகக் கிளம்பிவிட்டதே என்று உடனே முன்புறமுள்ள, சுமை தூக்கும் லோடரைத் தூக்கினால், பம்ப்பின் வாய்க்கு எண்ணெய் எட்டாமல் அது கதறுவதைக் காதாலேயே கேட்கலாம். எஞ்சினுக்கு ஹீட்டர் உண்டு, ஹைட்ராலிக்ஸுக்குப் பொறுமைதான் உண்டு.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது டீசல். டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடும்போது முதலில் அந்த மெழுகு நுண்படிகங்களாகத் திரண்டு எரிபொருளைக் கலங்கலாக்குகிறது; இன்னும் குளிர்ந்தால் படிகங்கள் ஃபில்டரின் தாளை அடைத்துக்கொள்கின்றன. அப்போது நிகழ்வது இதுதான்: பிளாக் வெதுவெதுப்பாக இருக்கிறது, எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பற்றிக்கொள்கிறது, ஃபில்டருக்கு அப்பால் மீதமிருந்த டீசல் தீரும்வரை ஓடுகிறது, பிறகு மூச்சடைத்து நின்றுவிடுகிறது. ஹீட்டரைச் சந்தேகித்துப் பயனில்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. ஐரோப்பிய டீசல் தரமான ஈஎன் 590, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலையை வைத்தே குளிர்கால டீசலை வகுப்புகளாகப் பிரிக்கிறது. மிதமான பகுதிகளுக்கான வகுப்புகள் பிளஸ் 5இல் தொடங்கி மைனஸ் 20வரையும், வட துருவப் பகுதிகளுக்கானவை மைனஸ் 20இலிருந்து மைனஸ் 44வரையும் போகின்றன. கோடையில் நிரப்பிய டேங்க் குளிர்காலத்திலும் பாதி மிச்சமிருப்பது டிராக்டருக்கு நிகழக்கூடியதே, ஏனெனில் அது தினமும் ஓடும் வண்டியல்ல. மெழுகைத் தடுக்கும் கலவை மருந்துகள் மெழுகு திரளும் முன்பே, டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்றப்பட வேண்டியவை. திரண்ட பிறகு ஊற்றினால் அவை படிகங்களைக் கரைத்துவிடாது. ஃபில்டருக்குக் கீழேயுள்ள நீர் பிரிப்பானையும் குளிர் தொடங்குமுன் வடித்துவிட வேண்டும், அதில் தங்கிய சிறிதளவு தண்ணீர் உறைந்தாலே பாதை அடைபடும். புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் பயன்படுத்தும் புதிய டிராக்டர்களில் அந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைகிறது; அதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அதன் டேங்கைச் சூடாக்கி உருக்கும் ஏற்பாடு வண்டியிலேயே இருக்கிறது.

பிளாக்கில் மூழ்கும் எலிமெண்ட்டைத் தவிர வேறு வகைகளும் உண்டு. ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் பொருத்தும் வகை மாட்டுவதற்கு எளிது, ஆனால் அதன் வெப்பம் ரேடியேட்டரை நோக்கியும் கசிகிறது. வெளியே தனிக் குடுவையாக நிற்கும் வகை, பிளாக்கின் அடியிலிருந்து கூலன்ட்டை வாங்கிச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. இது இயங்கக் குடுவை எஞ்சினின் தாழ்ந்த இடத்திலும், வெளியேறும் ஹோஸ் வளைவு விழாமல் ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும். பெரிய எஞ்சின்களுக்கும், ஹீட்டரின் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தேவைப்படுபவர்களுக்கும் அதுவே சிறந்தது. சாதாரண டிராக்டருக்கு, எஞ்சினின் மாடலுக்கென்றே செய்யப்பட்ட மூழ்கும் எலிமெண்ட்டையே நான் பரிந்துரைப்பேன். மாடலை வலியுறுத்தக் காரணம் உண்டு: துளையின் விட்டம் பொருந்தினால் போதாது, எலிமெண்ட் உள்ளே சிலிண்டர் சுவரையோ வார்ப்பையோ தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் அந்தப் புள்ளியில் கூலன்ட் சூழாமல், உறை வெந்து பிளந்துவிடும்.

பொருத்தும் வேலையில் கவனம் தேவைப்படுவது இரண்டு இடங்களில். கோர் பிளக்கைக் கழற்றியபின் துளையின் உள்விளிம்பிலுள்ள துருவையும் பெயிண்ட்டையும் நயமான உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தெடுக்க வேண்டும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காருவது அந்த விளிம்பில்தான். கூலன்ட்டை மீண்டும் நிரப்பியதும் ஹீட்டரை உடனே மாட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது அடுத்தது. உள்ளே காற்றுக்குமிழி தங்கியிருந்தால் எலிமெண்ட் வெறுங்காற்றில் எரிந்து, மிகக் குறுகிய நேரத்திலேயே கருகிவிடும். முதலில் எஞ்சினை ஓடவிட்டு, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை சூடாக்கி, காற்று வெளியேறியபின் கூலன்ட் அளவை மறுபடி நிரப்பிவிட்டே மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள ஹீட்டரை மாட்டிவிட்டுப் பிளாக்கின் அருகே காதை வைத்தால், அடுப்பில் கொதிக்கத் தொடங்கும் கெட்டிலைப் போல மெல்லிய சீறல் கேட்கும். அரை மணி நேரம் கழித்து எலிமெண்ட்டுக்கு மேலேயுள்ள இரும்பைத் தொட்டால் குளிர் விட்டிருப்பது தெரியும், எதிர்ப்புறம் இன்னும் சில்லென்றே இருக்கும்.

கூலன்ட்டின் கலவையும் இதோடு சேர்ந்த விஷயம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி அளவுவரை உறையாது. கிளைக்காலை அதிகமாக்கினால் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது; தண்ணீரே சேராத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். கடின நீரை ஊற்றினால் சுண்ணாம்புப் படிவு எலிமெண்ட்டின் மேல் ஏறி, வெப்பம் வெளியேற வழியில்லாமல் எலிமெண்ட் சீக்கிரம் போய்விடும்.

மின் இணைப்பைப் பொறுத்தவரை, தீ விபத்துகளுக்குக் காரணமாவது பெரும்பாலும் ஹீட்டர் அல்ல, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரும் பிளக்கும்தான். 1000 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குச் சற்று மேலும், 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேலும் இழுக்கிறது. அது ஒன்றும் பெரிய சுமையல்ல. ஆனால் மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுக்கும் சுமை. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே விட்டுவைத்தால் சுருளின் நடுவில் சூடேறும். பிளக்கின் முள்ளில் பச்சை பூத்திருந்தால் அந்தச் சந்திப்பில் சூடேறி பிளாஸ்டிக் பழுப்பேறும். அப்படி நிறம் மாறிய பிளக்கைத் துடைத்து மீண்டும் பயன்படுத்தாமல் வெட்டியெறிந்துவிட வேண்டும். எர்த் முள் உள்ள மூன்று முள் இணைப்பும், மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். அந்தப் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து வேறு பாயின்ட்டில் மாட்டுகிறவர்கள், எலிமெண்ட்டின் உறை பிளந்து டிராக்டரின் உடம்பிலேயே மின்சாரம் ஏறத் தொடங்கியிருக்கலாம் என்பதை யோசிப்பதில்லை. ஹீட்டரின் வயரை எக்ஸாஸ்ட்டிலிருந்தும் விசிறி பெல்ட்டிலிருந்தும் விலக்கிக் கட்டி, அதன் முனையை ஓட்டுநர் ஏறும் பக்கத்தில் கண்ணில் படும்படி நிறுத்துவது நல்லது. மாட்டியிருப்பது தெரிந்தால்தான் கழற்றத் தோன்றும்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்ற ஐயம் எழுந்தால் ஒரு மல்டிமீட்டர் போதும். சுவர்ப் பாயின்ட்டிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு மின் முட்களுக்கிடையே மின்தடையை அளக்க வேண்டும். 1000 வாட் எலிமெண்ட் 230 வோல்ட்டுக்கானதாக இருந்தால் ஏறத்தாழ 53 ஓம், 120 வோல்ட்டுக்கானதாக இருந்தால் 14 ஓம் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் எலிமெண்ட்டோ வயரோ அறுந்துவிட்டது. வயரைத் தனியாகச் சோதித்துவிட்டே எலிமெண்ட்டைக் கழற்ற முனைய வேண்டும், ஏனெனில் வீணாவது பெரும்பாலும் வயர்தான். மின் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்குமிடையே ஏதேனும் ஓம் காட்டினால் அந்த ஹீட்டரை மறுபடி மாட்டவே கூடாது.

வெதுவெதுப்பான எஞ்சினைக் கிளப்பும்போது, சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் இருந்தால் வழக்கம் போலப் பயன்படுத்தலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் அல்ல. எஞ்சின் எளிதில் பற்ற காற்றுப் பாதையில் ஈதர் தெளிப்பதை மட்டும் மறந்துவிட வேண்டும். டீசலைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அது வெடித்துப் பற்றும். குளோ பிளக்கோ காற்றுப் பாதையில் சூடேற்றும் கம்பியோ உள்ள எஞ்சினில் ஈதர் அடிப்பது பிஸ்டனையும் ஆளையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும். ஹீட்டர் இல்லாமல் கிளப்பிய எஞ்சினின் புகைக்குழாயில் நெடுநேரம் வெள்ளைப் புகை வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது எரியாத டீசல். வெளியே போகும் பங்கு போக மிச்சம் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயில் பேனில் இறங்குகிறது. எனவே, எந்த உதவியும் இல்லாமலே கிளம்பிவிடக்கூடிய மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரிக் காலைகளில்கூட நான் ஓரிரு மணி நேரம் ஹீட்டரை மாட்டுவதுண்டு. வெள்ளைப் புகை சில நொடிகளில் அடங்கிவிடுவதே அந்த மின்சாரத்துக்கான கூலி. கிளம்பியதும் எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்து, சில நிமிடங்கள் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, பிறகு இலேசான வேலையில் இறக்கிவிடுவது, கால் மணி நேரம் வெறுமனே ஐடிலில் உறுமவிடுவதைவிட எஞ்சினுக்கு நல்லது. சுமையில்லாத டீசல் எஞ்சின் கடுங்குளிரில் சரியாகச் சூடேறுவதில்லை, சில சமயம் இருந்த சூட்டையும் இழக்கிறது.

மின்சாரம் எட்டாத வயலில் டிராக்டரை நிறுத்தவேண்டியவர்களுக்கு, டிராக்டரின் டீசலையே சிறிதளவு எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கிச் சிறு பம்ப் மூலம் சுற்றவிடும் ஹீட்டர்கள் இருக்கின்றன. விலை அதிகம், ஆனால் பம்ப் சுற்றுவதால் சூடு எஞ்சின் முழுவதும் சீராகப் பரவுகிறது. அவையும் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பவையே, எனவே பலவீனமான பேட்டரியோடு அவற்றை நம்பிப் பயனில்லை. அந்த வசதியும் இல்லாதவர்கள் ஆயில் பேனுக்குக் கீழே நெருப்பு மூட்டும் பழைய வழக்கத்துக்குத் திரும்பாமல், 5டபிள்யூ எண்ணெய்க்கு மாறி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, குளிர்கால டீசலை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவதே மேல்.